புழுக்கத்தில் பொய் சொன்ன மீட்டர்

போன வியாழக்கிழமை சாயங்காலம், காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் மாமாவின் ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டரில், ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் மீட்டரை வைத்தேன்: 93.4. பக்கத்தில் நின்ற சிலிண்டரில் வைத்தேன்: 99.3. பார்க்க வேண்டிய எண்கள் இவைதான். இவற்றைப் பார்க்க எட்டு வாரமும், எட்டாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பணமும் ஆகியிருக்கிறது. நடுவில் நான் எடுத்த முடிவுகளில் பாதி தப்பு. குறிப்பெழுதிய நோட்டு கையில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் எல்லாவற்றையும் முதல் தடவையே சரியாகச் செய்ததுபோல எனக்கே தோன்ற ஆரம்பித்துவிடும்.

மீட்டர் நான் கட்டியது. 2021 மே மாதம், சென்னையே ஆக்சிஜனுக்கு அலைந்துகொண்டிருந்த சமயத்தில், வீட்டுக்கு ஒரு 5 லிட்டர் கான்சன்ட்ரேட்டர் வாங்கினோம். அதிலிருந்து நிஜமாகவே ஆக்சிஜன்தான் வருகிறதா என்று பார்க்க ஒரு கருவி வேண்டியிருந்தது. ஒரு கேல்வானிக் ஆக்சிஜன் செல், செல் தரும் வோல்ட்டை எண்ணாக மாற்ற ஏடிஎஸ் 1115 என்ற 16 பிட் ஏடிசி போர்டு, கணக்குப் போட ஆர்டுயினோ நானோ என்ற குட்டிக் கணினி போர்டு, கட்டைவிரல் அகலத்தில் ஒரு திரை. செல்லைத் தவிர மற்றதெல்லாம் ரிச்சி தெருவில் கிடைத்தது. எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவுக்குள் திணித்து ஜூனில் முடித்தேன். அதற்குள் வீட்டில் எல்லோரும் தேறிவிட்டார்கள். கான்சன்ட்ரேட்டர் பரணுக்குப் போனது, மீட்டர் மேஜை இழுப்பறைக்குப் போனது.

செல் என்பது ஒருவகை பேட்டரிதான். உள்ளே ஈயம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசல், முகப்பில் மெல்லிய சவ்வு. சவ்வு வழியே ஆக்சிஜன் உள்ளே போகப் போக ஈயம் செலவாகி மின்சாரம் வரும். சாதாரணக் காற்றில் வைத்தால் புதுச் செல் 9 முதல் 13 மில்லிவோல்ட் வரை கொடுக்கும். ஆக்சிஜன் கூடினால் அதே விகிதத்தில் வோல்ட்டும் கூடும். டப்பாவில் ஒரு பட்டன் வைத்திருந்தேன். வெளிக்காற்றில் பிடித்து அதை அழுத்தினால், அப்போது வரும் வோல்ட்டை 20.9 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும். கேலிபிரேஷன் முடிந்தது. முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

இந்த வருடம் ஜூலையில் அயனாவரத்தில் இருக்கும் மாமாவுக்கு ஆக்சிஜன் தேவைப்பட்டது. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டாக்டர் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று எழுதிக் கொடுத்தார். பரணிலிருந்து கான்சன்ட்ரேட்டரை இறக்கித் துடைத்து, ஃபில்டர் மாற்றி, ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோனேன். கூடவே மீட்டரையும் எடுத்துப்போய், ஈரமாக்கும் தண்ணீர் பாட்டிலுக்கு முன்னால் டியூபை வெட்டி, செல்லை நடுவில் நிரந்தரமாக மாட்டிவிட்டேன். 24 மணி நேரமும் திரையில் 92, 93 என்று ஓடிக்கொண்டிருந்தது. வருகிறவர்களிடம் மாமா அதைக் காட்டி, “நம்ம பையன் செஞ்சது” என்பார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இந்தக் கதையில் நான் செய்த முதல் தப்பு அப்படி நிரந்தரமாக மாட்டியதுதான் என்று அப்போது தெரியாது.

ஆகஸ்ட் கடைசியில் 88. செப்டம்பர் முதல் வாரம் 80. அப்புறம் 71.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போய் டியூபைக் கழற்றி, வெளிக்காற்றில் பட்டனை அழுத்தி, 20.9 வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் திரும்ப மாட்டினேன். வந்தது. மீட்டர் சரி, ஆகவே மெஷின்தான் போகிறது என்பது என் கணக்கு. கான்சன்ட்ரேட்டருக்குள் இரண்டு உருளைகளில் ஜியோலைட் மணிகள் இருக்கும். காற்றை அழுத்தி உள்ளே விட்டால் அவை நைட்ரஜனைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஆக்சிஜன் வெளியே வரும். சில விநாடிகளுக்கு ஒருமுறை ‘புஸ்’ என்று நைட்ரஜனைத் துப்பும். ஈரம் ஏறினால் ஜியோலைட் வீணாகிவிடும். பரணில் வருடக்கணக்காகக் கிடந்த மெஷின், அதுவும் சென்னையில். சந்தேகப்பட இதைவிட என்ன வேண்டும்? ஒரு டெக்னீஷியனைக் கூப்பிட்டேன். என் மீட்டரைப் பார்த்தார், சீவ் பெட் (அந்த ஜியோலைட் உருளைகள்) இரண்டும் மாற்றவேண்டும், 14,000 ஆகும் என்றார். வந்து பார்த்ததற்கு 600. அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை, நான் காட்டிய எண்ணைப் பார்த்துத்தான் சொன்னார்.

நான் கவனித்தும் தள்ளிவிட்ட விஷயங்கள் இரண்டு. ஒன்று, மெஷினின் மஞ்சள் விளக்கு. ஆக்சிஜன் 82 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அது எரியவேண்டும், எரியவே இல்லை. விளக்கு கெட்டுப்போயிருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன். இன்னொன்று, மாமாவின் விரல் ஆக்சிமீட்டர். என் மீட்டரில் 93 இருந்தபோதும் அது 95 காட்டியது, 71 ஆனபோதும் 95 காட்டியது.

14,000 கொடுப்பதற்கு முன் மீட்டரின் வயரிங்கை ஒருமுறை பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். செல்லும் போர்டும் ஒரு 3.5 மில்லிமீட்டர் ஆடியோ ஜாக்கில் சேருகின்றன. ஒயரை ஆட்டினால் எண் ஆடியது. பிளக்கில் பச்சை பூத்திருந்தது. கடல் காற்று இந்த ஊரில் எதையும் விட்டுவைப்பதில்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கை பரபரத்தது. தேய்த்தால் மேல்பூச்சு போய் அடுத்த மழைக்குள் இன்னும் மோசமாகும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, பிளக்கை இருபது முப்பது தடவை சொருகி எடுத்தேன். உள்ளீடு இரண்டையும் ஷார்ட் செய்து பார்த்தேன்: 0.00. ஆட்டம் நின்றது. ஆனால் 71 அசையாமல் 71 ஆகவே நின்றது.

மல்டிமீட்டரை 200 மில்லிவோல்ட்டில் வைத்துச் செல்லை நேராக அளந்தேன். காற்றில் 8.1. செல்லின் முதுகில் 2021 ஜூனில் நானே மார்க்கரில் எழுதியிருந்தேன்: 11.8. அதைப் பார்த்தும், ‘கொஞ்சம் குறைந்திருக்கிறது, அதைத்தான் கேலிபிரேஷன் சரிக்கட்டுகிறதே’ என்றுதான் நினைத்தேன். மடத்தனம்.

முடிச்சை அவிழ்த்தது அத்தை. மின்சாரம் போனால் இருக்கட்டும் என்று மூலையில் ஒரு வாடகை சிலிண்டர் நிற்கிறது. நான் மெஷினைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்க, காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஏன்டா, அந்த சிலிண்டர்ல வெச்சுப் பார்த்தியா?” என்றார். பார்க்கவில்லை. இரண்டு மாதமாக அந்த சிலிண்டரின் மேல்தான் என் பையை மாட்டிவந்தேன்.

மாமா மெஷினிலேயே இருக்க, சிலிண்டரிலிருந்து 2 லிட்டர் ஓட்டத்தில் செல்லை வைத்தேன். சிலிண்டரில் இருப்பது மருத்துவ ஆக்சிஜன், 99 சதவீதத்துக்குக் குறையாது. மீட்டர் காட்டியது 72.

மெஷினில் 71, சுத்த ஆக்சிஜனில் 72. வேறுவேறு இரண்டு வாயுக்களுக்கு ஏறக்குறைய ஒரே எண் வருகிறது என்றால், அதற்கு மேல் ஏற முடியாமல் செல்தான் முட்டிக்கொண்டு நிற்கிறது. ஈயம் தீர்ந்துவருகிற செல் இப்படித்தான் செய்யும். காற்றில் இருக்கும் 21 சதவீதத்துக்குத் தேவையான மின்சாரத்தை எப்படியோ தந்துவிடும், பட்டனை அழுத்தினால் சாதுவாக 20.9 என்று ஒப்புக்கொள்ளும். நான்கு மடங்கு கேட்டால் கையை விரித்துவிடும். 20.9 என்ற ஒரே புள்ளியில் வைத்துச் சரிபார்த்தால் இது ஒருநாளும் தெரியாது. வயதான செல்லை இரண்டு மாதம் 93 சதவீத ஆக்சிஜனில் விடாமல் ஊறப்போட்டது வேறு. செல்லின் ஆயுளை ‘சதவீத மணி’ (ஆக்சிஜன் சதவீதத்தை மணி நேரத்தால் பெருக்கி வருவது) என்ற கணக்கில்தான் சொல்வார்கள். காற்றில் கிடப்பதைவிட அங்கே நாலரை மடங்கு வேகமாகத் தேயும். மாமாவின் விருந்தாளிகளுக்குக் காட்டிய பெருமைக்கு விலை ஒரு செல்.

சீவ் பெட் வேண்டாம் என்று டெக்னீஷியனுக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன்.

புதுச் செல் வாங்குவதிலும் ஒரு சறுக்கல். அதே அளவு, அதே ஜாக், 1,800 ரூபாய்க்கு ஒரு கடையில் இருந்தது. பை சீல் உடைந்திருந்தது. “பார்க்கத்தான் பிரிச்சோம் சார்” என்றார்கள். வீட்டுக்கு வந்து அளந்தால் 7.2 மில்லிவோல்ட். தயாரிப்பு தேதி மூன்று வருடம் முந்தையது. இந்தச் செல்லுக்கு அலமாரியில் சும்மா இருந்தாலும் வயதாகும். காற்று பட்ட நிமிடத்திலிருந்து ஈயம் கரைய ஆரம்பித்துவிடும். விற்ற பொருள் வாபஸ் கிடையாதாம். இரண்டாவது தடவை சீல் உடையாத பை, இந்த வருடத்துத் தேதி, ஜிஎஸ்டி பில்லோடு 4,350. பையைப் பிரித்து அரைமணி நேரம் கழித்து அளந்தேன்: 10.9. நல்ல செல்.

அன்று ஐப்பசி மழை அப்போதுதான் விட்டிருந்தது. பெரம்பூரில் எங்கள் வீட்டு பால்கனியில் நின்று பட்டனை அழுத்தினேன். 20.9. நேரே அயனாவரம். சிலிண்டரில் வைத்தேன்: 100.0. கல்லில் செதுக்கியதுபோல நின்றது, ஒரு புள்ளிகூட அசையவில்லை. அத்தையிடம் இன்னொரு காபி கேட்டேன்.

காபி ஆறுவதற்குள் மாமாவைச் சிலிண்டருக்கு மாற்றிவிட்டு, மெஷினில் வைத்தேன். 5 லிட்டர் ஓட்டத்தில் 97.6.

முதலில் சந்தோஷம்தான், 71 எங்கே, 97 எங்கே. பஸ்ஸில் திரும்பி வரும்போதுதான் உறைத்தது, 97.6 வரவே முடியாது. காற்றில் ஆக்சிஜன் 20.95 சதவீதம், ஆர்கான் 0.93 சதவீதம், மிச்சம் கிட்டத்தட்ட எல்லாம் நைட்ரஜன். ஜியோலைட் நைட்ரஜனைத்தான் பிடிக்கும். ஆர்கான் ஆக்சிஜனோடு சேர்ந்தே வெளியே வந்துவிடும். நைட்ரஜனை ஒரு துளி விடாமல் பிடித்தால்கூட 20.95-ஐ 21.88-ஆல் வகுத்தால் கிடைப்பது 95.7. வீட்டுக் கான்சன்ட்ரேட்டர் எதுவும் அதைத் தாண்டாது. தாண்டினால் மீட்டர் பொய் சொல்கிறது. முன்பு குறைத்துச் சொன்ன பொய், இப்போது கூட்டிச் சொல்லும் பொய்.

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போனேன். இந்தத் தடவை சதவீதத்தை நம்பாமல் ஏடிசி தரும் மில்லிவோல்ட்டை நேராகப் படித்தேன். ஏடிஎஸ் 1115-ஐ 256 மில்லிவோல்ட் வரம்பில் வைத்தால் ஒரு படி 0.0078 மில்லிவோல்ட், இந்தச் செல்லுக்கு அது 0.015 சதவீத ஆக்சிஜன். தாராளம். ஆனால் லேப்டாப் சார்ஜரில் இருந்தபோது எண் குதித்தது. சார்ஜரைப் பிடுங்கி, 32 அளவுகளின் சராசரி எடுத்ததும் அடங்கியது.

அப்போதுதான் ஒன்று கண்ணில் பட்டது. ஓட்டத்தை 5 லிட்டரிலிருந்து 2 லிட்டருக்குக் குறைத்தால் எண் 97.6-லிருந்து 96.9-க்கு இறங்கியது. கான்சன்ட்ரேட்டரில் இது தலைகீழ். ஓட்டத்தைக் கூட்டினால் சுத்தம் குறையலாம் அல்லது அப்படியே இருக்கலாம், கூடாது. இந்தச் செல் நிஜத்தில் அளப்பது சதவீதத்தை இல்லை, ஆக்சிஜனின் அழுத்தத்தை. என் இணைப்பில் வெளியேறும் வழி பால்பாயின்ட் ரீஃபில் அளவுக்குச் சின்னது. வாயு அங்கே தேங்கி அழுத்தம் ஏறுகிறது. கொத்தனார் மட்டம் பார்க்கும் தண்ணீர் டியூபில் ஒரு முழம் வெட்டி, ‘யு’ போல வளைத்துத் தண்ணீர் ஊற்றி இணைப்பில் மாட்டினேன். 5 லிட்டரில் இரண்டு பக்கத்துக்கும் 8 சென்டிமீட்டர் வித்தியாசம். ஒரு வளிமண்டல அழுத்தம் என்பது சுமார் பத்து மீட்டர் தண்ணீர். 8 சென்டிமீட்டர் என்றால் 0.8 சதவீதம். கணக்கு அப்படியே உட்கார்ந்தது. 60 ரூபாய்க்கு ஒரு அகலமான டி பீஸ் (ஆங்கில ‘T’ வடிவக் குழாய் இணைப்பு) வாங்கி, மறுபக்கத்தைத் திறந்தே விட்டேன். இப்போது எந்த ஓட்டத்திலும் 96.8, மில்லிவோல்ட்டில் 50.48.

இன்னும் ஒரு சதவீதம் அதிகம். ஆனால் சிலிண்டர் 100.0 என்று சரியாகக் காட்டுகிறதே? அந்த முட்டுக்கட்டையில் நான்கு நாள் போனது. ஏடிசி மேல் சந்தேகப்பட்டு இன்னொரு ஏடிசி போர்டு மாட்டிப் பார்த்தேன். அதே எண்.

ஐந்தாம் நாள் சிலிண்டரின் மில்லிவோல்ட்டைப் பார்த்தேன்: 53.64. கையால் வகுத்தேன். 53.64-ஐ 10.90-ஆல் வகுத்து 20.9-ஆல் பெருக்கினால் 102.9. திரையில் ஏன் 100.0? 2021-இல் எழுதிய நிரலைத் திறந்தேன். கடைசியிலிருந்து மூன்றாவது வரி: நூறுக்கு மேல் போனால் நூறு என்று காட்டு. நூறைத் தாண்டினால் பார்க்க அசிங்கமாக இருக்குமே என்று நான்தான் அழகாக எழுதிவைத்திருக்கிறேன். கல்லில் செதுக்கியதுபோல நின்றது என்றேனே, நிஜ அளவு எதுவும் அப்படி நிற்காது. கடைசி இலக்கம் கொஞ்சமாவது துள்ளும். அந்த வரியை அழித்தேன். மெஷினும் சிலிண்டரும் ஒரே விகிதத்தில் கூடுதலாகக் காட்டுகின்றன என்பது இப்போது தெளிவு. தப்பு செல்லில் இல்லை, ஏடிசியில் இல்லை, 20.9 என்று நான் பிடித்த புள்ளியிலேயே இருக்கிறது.

விடை எங்கள் வீட்டு ஹாலில் கிடைத்தது. ராத்திரி ஏசி போட்டு மீட்டரை மேஜையில் வைத்திருந்தேன். 21.3 காட்டியது. பால்கனியில் 20.9, ஏசி ஹாலில் 21.3. ஏசி அறையில் ஆக்சிஜன் அதிகமா? வெப்பநிலை மாறியதால் என்று நினைத்து ஒரு மணி நேரம் காத்திருந்தேன். செல்லுக்குள் வெப்பத்தை ஈடுகட்டும் தெர்மிஸ்டர் இருக்கிறது, ஆனால் மந்தமானது, அரைமணியாவது எடுக்கும். ஒரு மணி ஆகியும் 21.3. சரி என்று அப்படியே பால்கனிக்குக் கொண்டுபோனேன். இரண்டு நிமிடத்தில் 19.4! என் கண்ணாடியும் பனி படர்ந்து மங்கியது. செல்லின் முகத்தைத் திருப்பிப் பார்த்தால், சவ்விலும் அதே பனி. குளிர்ந்த செல் மேல் வெளியே இருந்த ஈரம் முத்து முத்தாக ஒட்டி ஆக்சிஜனுக்கு வழியை அடைத்திருக்கிறது. துடைக்கப் போகாமல் (சவ்வு கிழிந்தால் 4,350 போச்சு) முகத்தைக் கீழே பார்க்க வைத்துக் காத்திருந்தேன். முக்கால் மணியில் 20.9-க்கு ஏறியது.

கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நின்றபோதுதான் புத்தியில் பட்டது. புழுக்கம். காற்றில் நீராவி இருந்தால் அதுவும் இடம் பிடிக்கும், அந்த இடத்துக்கு ஆக்சிஜன் குறையும். 29 டிகிரியில், 88 சதவீத ஈரப்பதத்தில், மொத்தக் காற்றில் மூன்றரை சதவீதம் நீராவி. அப்போது ஆக்சிஜன் 20.9 இல்லை, 20.2. ஏசி ஹாலில் 25 டிகிரி, 50 சதவீதம் என்றால் 20.6. பெட்டியில் எழுதியிருக்கும் 20.9 உலர்ந்த காற்றின் கணக்கு. சென்னையில் உலர்ந்த காற்று எங்கே இருக்கிறது? ஆனால் மெஷினிலிருந்தும் சிலிண்டரிலிருந்தும் வருகிற வாயு எலும்புபோலக் காய்ந்தது. ஈரக் காற்றில் 20.9 என்று பழக்கிவிட்டு, காய்ந்த வாயுவை அளந்தால் மூன்றரை சதவீதம் கூடுதலாகத்தானே காட்டும்.

நிரூபிக்க உலர்ந்த காற்று வேண்டும். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் ஒரு சின்ன ஏர் பம்ப் 220 ரூபாய். முக்கால் இஞ்ச் பிவிசி பைப்பில் ஓர் அடி, இரண்டு மூடி, டியூப் எல்லாம் 90. அரைக்கிலோ சிலிகா ஜெல் 180. நீல நிறத்தில் வரும் ஜெல்லில் கோபால்ட் குளோரைடு இருக்கும், அதன் தூசி நல்லதில்லை. ஆரஞ்சிலிருந்து பச்சைக்கு மாறும் ரகம் கேட்டு வாங்கினேன். பைப்பில் ஜெல்லை நிரப்பி, இரு முனையிலும் பஞ்சு அடைத்து, ஒருபக்கம் பம்ப், மறுபக்கம் திறந்த டி பீஸில் செல். பஞ்சை அழுத்தி அடைத்ததில் பம்ப் திணறியது, முதல் தடவை காற்றே வரவில்லை. கொஞ்சம் பிய்த்து எடுத்ததும் ஓடியது.

இருபது நிமிடத்தில் 10.90 மெல்ல ஏறி 11.29-இல் நின்றது. கடைசி இலக்கம் துள்ளிக்கொண்டே இருந்தது, அதைப் பார்க்கவே நிம்மதி. அந்த 11.29-ஐ 20.9 என்று வைத்துக் கணக்கிட்டால் நோட்டில் இருந்த பழைய எண்கள் தாமாகவே நிமிர்ந்தன: மெஷினின் 50.48, 93.4 ஆனது, சிலிண்டரின் 53.64, 99.3 ஆனது. மறுநாள் வியாழன், மாமா வீட்டில் நேரிலும் அதேதான் வந்தது.

ஒவ்வொரு தடவையும் பம்ப், பைப் என்று தூக்கிக்கொண்டு அலைய முடியாது என்பதால், ஈரப்பதம் அளக்கும் சென்சாரும் டப்பாவுக்குள் சேர்த்தேன். கையில் பழைய டிஎச்டி 11 ஒன்று இருந்தது. 80-க்கு மேல் அதன் பேச்சை நம்ப முடியாது, இந்த ஊரிலோ மழைக்காலத்தில் அதற்கு மேல் போவது சகஜம். 420 கொடுத்து எஸ்எச்டி 31 வாங்கினேன். இப்போது பட்டனை அழுத்தினால், அந்த நிமிடத்தின் வெப்பநிலை, ஈரப்பதம் இரண்டையும் பார்த்து 20.2 என்றோ 20.6 என்றோ தானே முடிவு செய்துகொள்ளும். அப்படிச் செய்தால் மெஷினுக்கு 93.6 வருகிறது, பம்ப் வழியில் 93.4. அந்த 0.2 வித்தியாசமும், உலர்ந்த காற்றுக்கு 20.95 என்று போடாமல் 20.9 என்று போட்ட சோம்பேறித்தனத்தால் வந்தது.

செலவைக் கூட்டினேன்: டெக்னீஷியன் 600, செத்த செல் 1,800, நல்ல செல் 4,350, டி பீஸ் 60, பம்ப், பைப், ஜெல் சேர்ந்து 490, சென்சார் 420. மொத்தம் 7,720. டெக்னீஷியனைக் கூப்பிடுவதற்கு முன்பே பழைய செல்லை அளந்து, அதன் மில்லிவோல்ட்டை நான் மதித்திருந்தால் இதில் 600 மிச்சம். சீல் உடைந்த பையை அங்கேயே வைத்துவிட்டு வந்திருந்தால் 1,800.

இப்போது திரையில் சதவீதத்துக்குக் கீழே மில்லிவோல்ட்டும் தெரிகிறது. அடுத்த தடவை கட்டினால் முதல் நாளே அதைப் போடுவேன். காற்றில் 9-க்குக் கீழே இறங்கினால் பட்டன் வேலை செய்யாது, ‘செல் மாற்று’ என்று எழுதும். நூறுக்கு மேல் போனால் போகட்டும். நிரந்தரமாக மாட்டுவது இல்லை; ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிடம், அவ்வளவுதான். சிலிண்டரிலும் மாதம் ஒருமுறை. ஜாக்கைத் தூக்கியெறிந்துவிட்டு ஸ்க்ரூ வைத்த கனெக்டர் போடலாமா என்று யோசிக்கிறேன். மழைக்காலம் முடிந்து அழுத்தம் மாறும்போது எண் எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க ஒரு அழுத்த சென்சாரும் மனதில் இருக்கிறது. பழைய இரண்டு செல்களையும் திறந்து பார்க்க ஆசை வந்தது. உள்ளே ஈயமும் தோலை அரிக்கும் கரைசலும் என்பதால் அப்படியே மின்கழிவுக்குக் கொடுத்துவிட்டேன். புதுச் செல்லின் திருகு இறுக்கமாக இருக்கிறது, கொஞ்சம் வாசலைன் தடவலாம் என்றும் தோன்றியது. ஆக்சிஜன் ஓடும் இடத்தில் எண்ணெய்ப் பசை நெருப்புக்கு அழைப்பு. தடவவில்லை.

மாமாவுக்குத்தான் இன்னும் திருப்தி இல்லை. “முன்னாடி 97 காட்டுச்சே, நீ என்னடா ரிப்பேர் பண்ணி 93-க்குக் கொண்டுவந்துட்டே? விரல்லயே 95 இருக்கு” என்கிறார். விரலில் காட்டுவது ரத்தம், மெஷினில் காட்டுவது குழாயில் வரும் வாயு, இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டேன். தலையாட்டுகிறார்.

அத்தை பார்த்தது ஜெல்லை. ஈரம் இழுக்கிற சாமான் என்று தெரிந்ததும், “அப்பள டப்பாவுக்கு ரெண்டு கரண்டி குடு” என்றார். சாயம் போட்ட ஜெல், சாப்பாட்டுப் பக்கமே போகக் கூடாது என்றேன். பிவிசி பைப்பை அவர் கண்ணில் படாத இடத்தில் வைத்திருக்கிறேன். ஒரு முனை ஏற்கெனவே பச்சையாகிவிட்டது. அடுத்த ஞாயிறு ஜெல்லை மட்டும் வெளியே கொட்டி 110 டிகிரி ஓவனில் இரண்டு மணி நேரம் வைத்துக் காயவைக்கவேண்டும், அதுவும் எங்கள் வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து.